ஹன்சாட்டில் இல்லாத வரி

பாராளுமன்றத்தில் ஒருவர் எழுந்து நின்று பேசி, அந்தப் பேச்சு அரசாங்க அச்சகத்தில் அச்சாகி வந்துவிட்டால் அது சட்டமாகிவிடும் என்று நான் நம்பினேன். பள்ளிக்கூடப் பையன் நம்பியிருந்தால் மன்னித்துவிடலாம். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அதைவிட மோசம், நான் ஒரு பாராளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதிக்கொடுக்கும் உத்தியோகத்தில் இருந்தேன். டாக்டர் வீட்டுக் கம்பவுண்டர், போத்தலில் ஒட்டிய சீட்டைக் கரைத்துக் குடித்தால் காய்ச்சல் போகும் என்று நம்பியது மாதிரி.

இலங்கை மலைநாட்டில், பதுளைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்த அறைதான் எங்கள் ஆபீஸ். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மழைக்கு ஒழுகும் இடத்தில் ஒரு வாளி. மெம்பர் அதற்கு முன் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். வேலைநிறுத்தத்தின்போது துரை பக்கம் நிற்க வேண்டிய மனிதர் ஆட்கள் பக்கம் நின்றார், வேலை போயிற்று. நாற்பத்தேழாம் வருஷத் தேர்தலில் ஆளுக்கொரு நிறத்தில் வைத்த வாக்குப்பெட்டிகளில் மஞ்சள் பெட்டி எங்களுடையது. தோட்டத்து ஆட்கள் கூட்டம் கூட்டமாக வந்து அதை நிரப்பினார்கள். தேர்தல் நேரத்தில் தகரக் குழாயை வாயில் வைத்து ஊர் ஊராகக் கத்திய ஆள் நான். ஜெயித்த பிறகு அவர் என்னை வைத்துக்கொண்டார். என் இங்கிலீஷுக்காக என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்தச் சம்பளத்துக்கு வேறு யாரும் வரவில்லை.

என் தொண்டை நாடகத் தொண்டை. பத்தொன்பதாவது வயதில் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கப்பலேறி, திருச்சியில் ஒரு நாடகக் கம்பெனியில் போய்ச் சேர்ந்தேன். பதினான்கு மாதம் இருந்தேன். பெரும்பாலும் வாயில்காப்போன் வேஷம். ஒரே ஒரு முறை ராஜாவின் தம்பி. அவனும் முதல் காட்சியிலேயே செத்துப்போவான். கம்பெனி கலைந்தது. சொறியும் சிரங்குமாகத் தோட்டத்துக்குத் திரும்பி வந்தேன். அப்பா ஒன்றும் கேட்கவில்லை, வேப்பிலை மட்டும் அரைத்துக் கொடுத்தார்.

மெம்பருக்குத் தொண்டையே கிடையாது. தொகுதியிலிருந்து எந்தக் கடிதம் வந்தாலும் மூன்று நாளில் பதில் போகவேண்டும் என்பார். கைப்பிடி கழன்ற குடை ஒன்றை வைத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாக நடப்பார். ஆனால் பேச எழுந்தால், தோட்டத்து ஆட்களின் பேரேடான செக்ரோலை வாசிப்பது போலிருக்கும். பாராளுமன்றத்திலும் அப்படித்தான். பெரிய மனிதர்கள் இரண்டு மணி நேரம் பேசும் இடத்தில் இவர் பேச்சு, சபையில் பேசியதை அச்சிடும் ஹன்சாட்டில் அரைப் பக்கத்துக்கு வரும்.

அந்த அரைப் பக்கத்தை வைத்துக்கொண்டுதான் நான் பிழைத்தேன். கொழும்பிலிருந்து காலை மெயில் ரயிலில் ஹன்சாட் கட்டு வரும். மெம்பர் பேசிய பக்கத்தைத் தேடி எடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது ஒரு தோட்டத்துக் கோயில் முன்னால் தமிழில் வாசித்துக் காட்டுவது என் வேலை. தோட்டத்தின் மூன்று டிவிஷன் ஆட்களும், பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, அட்டைக்கடி பட்டு நடந்து வந்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு அரைப் பக்கம் போதுமா? மனசாட்சி உள்ளவன் எவனும் கொஞ்சம் கூட்டித்தான் கொடுப்பான். மெம்பர் ‘வருந்துகிறேன்’ என்று சொல்லியிருந்தால் நான் ‘என் நெஞ்சு பற்றி எரிகிறது’ என்று வாசித்தேன். ஒரு மந்திரி குறுக்கிட்டார் என்று ஹன்சாட்டில் இருந்தால், அந்த மந்திரி பதில் சொல்ல முடியாமல் தலையைக் குனிந்து உட்கார்ந்துவிட்டார் என்று என் தமிழில் இருக்கும். தகரக் குழாய் இல்லாமலே மலைக்கு அந்தப் பக்கம் கேட்கும்.

நாற்பத்தெட்டில், தோட்டத்து ஆட்களைப் பிரஜைகள் இல்லை என்று ஆக்கும் பிரஜாவுரிமை மசோதா வந்தது. மெம்பர் வழக்கத்தைவிட அதிகமாக, முக்கால் பக்கம் பேசினார். இந்த மக்களில் பெரும்பாலானோர் இங்கேயே பிறந்தவர்கள், இவர்கள் இந்த நாட்டின் பிரஜைகள், இவர்களுக்கு வேறு நாடு கிடையாது என்று அதில் இருந்தது. நான் அதைப் படித்தேன். அச்சு எழுத்து. மேலே அரசாங்க முத்திரை. ‘இவர்கள் இந்த நாட்டின் பிரஜைகள்.’ அறையில் தனியாக உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதேன். முடிந்துவிட்டது, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அந்த ஞாயிறு பூனாகலைப் பக்கம் ஒரு தோட்டத்தின் மேல் டிவிஷனில் வாசிக்க வேண்டியிருந்தது. வாசித்து முடித்தபோது கூட்டம் மூச்சு விடாமல் இருந்தது. அந்த அமைதியை என்னால் சும்மா விட முடியவில்லை. மெம்பர் சொல்லாத ஒரு வரியை மெம்பர் குரலில் சேர்த்தேன்: “இனிமேல் என் மக்கள் யாருக்கும் எந்தக் காகிதமும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.”

முன்வரிசையில் ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். கொழுந்து எடுப்பவர், புருஷனை இழந்தவர், இரண்டு பெண் பிள்ளைகளுக்குத் தாய். அந்த டிவிஷனில் கங்காணி சொல்வதை ஆட்கள் கேட்பார்கள். அக்கா சொல்வதைக் கங்காணி கேட்பார். அவர் மட்டும்தான் கேள்வி கேட்டார்.

“அச்சுல வந்துட்டா முடிஞ்சுதா தம்பி?”

“முடிஞ்சுதுக்கா. கவர்மெண்டு அச்சு.”

“அப்ப அந்தக் கடுதாசிய எங்ககிட்ட குடுத்துட்டுப் போ.”

பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக் கோயிலில் மாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். மெம்பர் பேசிய பத்திக்கு நேராகக் குங்குமம் வைத்தார்கள். எனக்குத் தேங்காய் மூடி கிடைத்தது.

மறுநாள் மெம்பர் கொழும்பிலிருந்து வந்து இறங்கியபோது மாலையோடு ஸ்டேஷனில் நின்றேன். அவர் மாலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாக்கெடுப்பில் தோற்றுவிட்டோம், மசோதா நிறைவேறிவிட்டது என்றார். நான் நம்பவில்லை. அதுதான் அச்சாகிவிட்டதே என்றேன்.

“நம்மள எதிர்த்துப் பேசினவங்க பேச்சும் அதே புத்தகத்துலதான்பா அச்சாயிருக்கு” என்றார்.

மாலையை ஒரு கடலைக்காரியிடம் கொடுத்துவிட்டு அவருக்குப் பின்னால் நடந்தேன். என் மூடத்தனம் அன்று முடிந்திருக்க வேண்டும். மேல் டிவிஷனுக்குப் போய், நான் சொன்னது தப்பு என்று சொல்லியிருந்தால் நான் வெறும் மூடனாகவே இருந்திருப்பேன். போகவில்லை. அடுத்த வாரம் போகலாம் என்றிருந்தேன். பிறகு அடுத்த வருஷம் இன்னொரு சட்டம் வந்தது. இந்திய வம்சாவளி ஆட்கள் மனுப் போட்டுப் பிரஜையாகலாம், இரண்டு வருஷம் தவணை என்றது. முதலில் மனுப் போட வேண்டாம் என்றுதான் எங்கள் தலைவர்கள் சொன்னார்கள். எனக்கு அது பெரிய நிம்மதி. யாருமே போடவில்லை என்றால் மேல் டிவிஷன் போடாதது யாருக்குத் தெரியும்? அந்த டிவிஷனுக்கு வாசிக்கப் போவதையே விட்டுவிட்டேன். கேட்டால், ஏற்றம், மூச்சு வாங்குகிறது என்றேன்.

ஐம்பத்தொன்றில் எல்லாம் தலைகீழாயிற்று. எல்லாரும் மனுப் போடுங்கள் என்று முடிவு வந்தபோது தவணையில் அதிகம் மிஞ்சியிருக்கவில்லை. ஆகஸ்டு முதல் வாரத்தோடு வாசல் அடைபடும். மெம்பர் மேசைமேல் தொகுதியின் தோட்டப் பட்டியலை விரித்து வைத்து, மனுப் போய்ச் சேர்ந்த இடத்துக்கெல்லாம் நீலப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தார். கொஸ்லந்தப் பக்கம் கோடு விழுந்தது. பதுளையைச் சுற்றிக் கோடு விழுந்தது. ஜூலை பிறந்தபோது நடுவில் ஒரே ஒரு இடம் வெள்ளையாக இருந்தது. அதன் மேல் பென்சிலை வைத்துக்கொண்டு அவர் யோசித்தார்.

மேல் டிவிஷனிலிருந்து ஒரு மனுகூட இல்லை என்றார். ஏன் என்று போய்ப் பார்த்துக்கொண்டு வா என்றார்.

ஏன் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் போனேன். அக்கா, ஆட்களின் வரிசை வீடான லயத்து வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். மனுப் படிவத்தை நீட்டினேன். அவர் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

“நாங்க பிரஜைன்னு அச்சுல இருக்கு. இப்ப மனுப் போட்டா, இல்லைன்னு நாங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா?”

இந்தக் கேள்விக்குக் கொழும்பு வக்கீல்களாலேயே பதில் சொல்ல முடியாது. நான், காலம் மாறிவிட்டது, தலைவர்களே போடச் சொல்கிறார்கள் என்று இழுத்தேன். அக்கா எந்தத் தலைவர் என்று கேட்டார். மெம்பர் என்றேன். மெம்பர் வாயால்தானே காகிதம் எழுத வேண்டாம் என்று வந்தது, நீதானே வாசித்தாய், இப்போது மட்டும் மாற்றி எப்படிச் சொல்வார் என்றார். பக்கத்துக் காம்பராக்காரர்கள் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்கள். நாற்பது குடும்பம். நாற்பதும் ஒரே பிடி. மூன்று வருஷத்துக்கு முன் நான் கத்திய ஒரு வரியின் மேல் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பதுளைக்குத் திரும்பி வந்த பிறகு நான் செய்த காரியங்களை ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறேன். முதலில் காய்ச்சல் வரவேண்டும் என்று மழையில் நின்றேன், வரவில்லை. பிறகு அந்தக் கண்ணாடிச் சட்டத்துக்குள் கரையான் புகுந்து பக்கத்தைத் தின்றுவிட்டால் எப்படியிருக்கும் என்று யோசித்து, கரையானை எப்படிக் கொண்டுபோவது என்பது வரைக்கும் போனேன். ராஜினாமாக் கடிதம் தமிழில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று எழுதினேன். இங்கிலீஷ் கடிதம் நன்றாக அமைந்துவிட்டது. அதை நாலு தரம் வாசித்து ரசித்ததில் ஒரு மத்தியானம் போயிற்று. திருச்சியில் வாயில்காப்போன் வேலை இன்னும் காலியாக இருக்குமா என்றுகூட நினைத்துப் பார்த்தேன்.

மறுநாள் மெம்பர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டேன். கண்ணாடி இல்லாத நேரத்தில் சொன்னால் என் முகம் அவருக்குச் சரியாகத் தெரியாது என்பது என் தந்திரம். அவர் துடைத்து முடித்து, மாட்டிக்கொண்டு, என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

“நீ சேத்த வரியச் சொல்லு.”

சொன்னேன். நாடகத் தொண்டை அன்று எங்கே போனதோ தெரியவில்லை.

“நல்லாத்தான் இருக்கு. நான் சொல்லியிருந்தா எனக்கு இன்னும் ரெண்டு கைதட்டு விழுந்திருக்கும்” என்றார். பிறகு, “பெரட்டுல சொல்லணும். கோயில்ல சொன்னா பாதிப் பேர்தான் வருவாங்க. பெரட்டுலதான் முழு டிவிஷனும் நிக்கும்.”

காலைப் பெரட்டு என்றால் துரையின் ராஜாங்கம். கங்காணிமார் பெயர் கூப்பிட்டு ஆட்களை மலைக்குப் பிரித்து அனுப்பும் இடத்தில் வெளியாள் கால் வைத்தால் அத்துமீறல் என்று போலீஸ் வரும். பாராளுமன்ற உறுப்பினருக்கும் அதே சட்டம்தான். இரண்டு தோட்டத்தில் அவரைக் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தியிருக்கிறார்கள். அதைச் சொல்லி நான் தப்பிக்கப் பார்த்தேன். மேல் டிவிஷன் பெரட்டுக் களத்துக்கு நேர் மேலேதான் பி.டபிள்யூ.டி. ரோடு போகிறது, ரோடு அரசாங்கத்துடையது, மதகுச் சுவரில் நின்றால் எந்தத் துரையும் ஒன்றும் செய்ய முடியாது என்றார். தகரக் குழாயை எடுத்துக்கொள் என்றார். அந்த மனிதர் தொகுதியை எத்தனை முறை நடந்து அளந்திருக்கிறார் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

முதல்நாளே போய் ரோட்டோரச் சாப்பாட்டுக் கடையில் தங்கி, விடிந்ததும் மதகில் ஏறி நின்றோம். கீழே பனிக்குள் கம்பளியும் கூடையுமாக முழு டிவிஷனும் நின்றது. துரை மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருந்தார். மெம்பர் எனக்குப் பக்கத்தில் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். மழை இல்லை. நான் ஓடிவிடாமல் இருக்கத்தான் அவ்வளவு ஒட்டி நின்றார் என்று இன்றும் நினைக்கிறேன்.

குழாயை வாயில் வைத்தேன். மூன்று வருஷத்துக்கு முன் மெம்பர் பேச்சு என்று நான் வாசித்ததில் கடைசி வரி மெம்பர் சொன்னதில்லை, நானாகச் சேர்த்தது, அச்சில் வந்ததெல்லாம் சட்டமில்லை, எல்லாரும் மனுப் போட்டால்தான் பிரஜாவுரிமை என்று ஒரே மூச்சில் கத்தினேன். என் குரல் எதிர்மலையில் பட்டு இரண்டாம் தரம் எனக்கே திரும்பி வந்தது. எனவே அதை இரண்டு முறை கேட்டேன். “நான் சொன்னது தப்பு” என்று முடித்தேன்.

துரை கணக்கப்பிள்ளையிடம் என்ன சத்தம் என்று கேட்டார். கணக்கப்பிள்ளை ரோட்டைக் கைகாட்டினார். துரை ரோட்டைப் பார்த்தார், அரசாங்க ரோடுதான்.

கூட்டத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது. அதற்குத் தகரக் குழாய் தேவைப்படவில்லை.

“தப்பா, பொய்யா?”

மெம்பர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எதிர்மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தப்பு என்று சொல்லிவிட்டு இறங்கிப் போயிருக்கலாம். முதல் நாள் அது தப்புத்தான். மறுநாள் ஸ்டேஷனில் மாலையோடு நின்றதற்குப் பிறகு வந்த மூன்று வருஷமும் அது வேறு.

“பொய்” என்றேன்.

“மூணு வருசமா குங்குமம் வச்சோமேடா” என்றார் அக்கா. நான்கைந்து பெண்கள் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு கல்லடியைவிட வலித்தது. பிறகு அவரே கேட்டார்: “சரி, மனு எழுத எப்ப வர்ற?”

“இன்னிக்கே” என்றேன்.

அன்றிலிருந்து ஏறக்குறைய மூன்று வாரம் அந்த ரோட்டோரக் கடையில்தான் குடியிருந்தேன். வேலை முடிந்து கொழுந்து நிறுத்துவிட்டு ஆட்கள் ஏறி வருவார்கள். எல்லா மனுவையும் நானே எழுத வேண்டும் என்பது மெம்பர் உத்தரவு. அவர் ஞாயிறுகளில் வந்து எதிரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். கலியாணமானவர் ஏழு வருஷம், ஆகாதவர் பத்து வருஷம், நாற்பத்தாறுக்கு முன் இடைவிடாமல் இலங்கையில் இருந்ததைக் காட்ட வேண்டும். இந்தியாவுக்குப் போய் ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்துபோகும். எங்கள் ஆட்கள் கப்பலேறிப் போவது காதுகுத்துக்கு, கலியாணத்துக்கு, குலதெய்வத்துக்குக் கிடா வெட்ட. போன தேதியை யார் எழுதி வைத்தார்கள்? ஒருவர் கிடாயின் நிறத்தைச் சொன்னார், வருஷத்தைச் சொல்ல முடியவில்லை.

தேதிக்குத் தோட்டத்துச் செக்ரோலைத்தான் நம்ப வேண்டும். அது ஆபீஸில் இருந்தது. துரை பிரதி தர மாட்டேன் என்றிருந்தார். பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்து மனிதர், சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. எங்கள் மெம்பரைக் கண்டால் மற்றப் பக்கத்தால் போகிறவர். பின்வாசலில் நின்று தலையைச் சொறிந்தேன்.

“பெரட்டுக்கு மேல நிண்டு கத்தினது நீர்தானே?” என்றார். “நானும் ஹன்சாட் வாசிக்கிறனான். அந்த வசனம் அதில இல்லையெண்டு எனக்கு நாப்பத்தெட்டிலயே தெரியும்.”

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“என்னை ஆர் கேட்டது? சரி, துரை மத்தியானம் சாப்பிடப் பங்களாவுக்குப் போறவர். ஒரு மணிக்கும் ரெண்டு மணிக்கும் இடையில வாரும். பேரைச் சொல்லும், நான் பாத்துச் சொல்லுறன். ஒண்டையும் எழுதித் தர ஏலாது.”

அப்படியே செய்தோம். அவர் பேரேட்டைப் புரட்டி வருஷங்களை முணுமுணுப்பார்; நான் ஜன்னலுக்கு வெளியே குந்தியிருந்து எழுதிக்கொள்வேன். அக்காவுக்குச் செக்ரோலில் ஒரு பெயர், பிறப்புப் பதிவில் இன்னொன்று, லயத்தில் கூப்பிடுவது மூன்றாவது. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிறுவ எனக்கும் கிளாக்கருக்கும் நான்கு மத்தியானம் பிடித்தது. நாலாவது நாள் அவர், “இந்த மனுசிக்காகப் பதினைஞ்சு வருசத்துப் புத்தகத்தைக் கிண்டியாச்சு, இனி நீர் ஒரு தேத்தண்ணி வாங்கித் தரவேணும்” என்றார். வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, சீனி காணாது என்றார்.

கடைசி ஞாயிறு மெம்பர் தன் மனுவை எடுத்து வைத்தார். அந்தச் சட்டப்படி அவரும் பிரஜை இல்லை. சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான். நான் எழுதினேன். தொழில்: பாராளுமன்ற உறுப்பினர். இலங்கையில் வசித்ததற்குச் சான்று என்ற இடத்தில் பேனா நின்றது. தோட்டத்தில் வேலை போனபோது அவருடைய தாள்களைத் துரை கொடுக்கவில்லை. எத்தனையோ பேருக்கு வருஷம் வருஷமாகச் சான்று தேடிக்கொடுத்தவர், தன் பங்குக்கு வெறும் கையோடு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் நான் அவரிடம் முதல் முறையாகப் பயத்தைப் பார்த்தேன். குடைக்கம்பியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா எழுந்து போய்க் கோயிலிலிருந்து அந்தக் கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார். முன்றானையால் துடைத்து மேசையில் வைத்தார்.

“நீங்க இங்கதான் இருந்தீங்கன்னு இதுல அச்சாயிருக்குல்ல. எங்களுக்குத்தான் ஒதவல. ஒங்களுக்காவது ஒதவுதான்னு பாருங்க” என்றார்.

மெம்பர் அதைத் தன் பக்கம் இழுத்து வாசித்தார். பிறகு, இணைப்பு ஒன்று என்று எழுது என்றார். குங்குமத்தைச் சுரண்டப் பார்த்தேன். அச்சு எழுத்தும் சேர்ந்து வந்தது. அப்படியே வைத்துத் தைத்தேன்.

என் மனு மட்டும் பாக்கி. கலியாணமாகாதவன், பத்து வருஷக் கணக்கு. வெளிநாட்டில் தங்கிய காலம் என்ற கட்டத்துக்கு வந்தேன். பதினான்கு மாதம். பதினொன்று என்று எழுதினால் ஒரு குருவிக்கும் தெரியாது. கம்பெனி கலைந்துவிட்டது, ராஜா வேஷம் போட்டவர் செத்தும் போய்விட்டார். என் அப்பாகூடச் சரியான கணக்கு வைத்திருக்கவில்லை. எத்தனையோ மனுக்களைத் தேதி பார்த்துத் தேதி பார்த்து நேர்மையாக எழுதிய கை, தன்னுடையது என்றதும் பதினொன்றின் பக்கம் சாய்ந்தது. கடைக்காரரிடம் பிளேன்டீ கேட்டேன். அது வருவதற்குள் வேண்டாம் என்றேன். அக்கா எதிரில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது.

“என்னடா, அதுலயும் ஒரு வரி சேக்கிறியா?” என்றார்.

பதினான்கு என்று எழுதினேன். எண்ணால் ஒரு தடவை, எழுத்தால் ஒரு தடவை.

மேல் டிவிஷன் மனுக்கள் எல்லாம் தவணைக்குள் பதிவுத் தபாலில் போய்ச் சேர்ந்தன. மெம்பர் பட்டியலில் நீலக் கோடு போட்டார்.

அடுத்த வருஷத் தேர்தலுக்கு வாக்காளர் பெயர்ப் பட்டியலான இடாப்பு வந்தபோது தோட்டப் பக்கங்கள் தாளே இல்லாமல் மெலிந்து கிடந்தன. மேல் டிவிஷனில் ஒரு பெயரும் இல்லை. மெம்பர் பெயரும் இல்லை. வாக்காளராக இல்லாதவர் வேட்பாளராக நிற்க முடியாது. துணிக்கடைக்காரர் அறையைத் திருப்பிக் கேட்டார். மெம்பர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சின்னதாக ஒரு அறை பிடித்து, அதே வாளியையும் எடுத்துக்கொண்டு போனார். அந்த அறை ஒழுகாது, பழக்கத்தில் எடுத்துக்கொண்டார். தோட்டங்களிலிருந்து கடிதங்கள் ‘மெம்பர் ஐயா’ என்றே வந்தன. மூன்று நாளில் பதில் போயிற்று. மாவட்ட அரசாங்க ஆபீஸான கச்சேரியில் மனு விசாரணை என்று யாருக்கு அழைப்பு வந்தாலும் காலை ஏழு மணிக்கே வாசலில் குடையோடு நிற்பார். அப்படி எட்டு, ஒன்பது வருஷம் நின்றார். நானும் பக்கத்தில் நின்றேன்.

அவர் மனு ஐம்பதுகளின் நடுவில் ஏற்கப்பட்டது. விசாரித்த அதிகாரி குங்குமத்தைக் காட்டி இது என்ன கறை என்று கேட்டாராம். அறுபதில் இரண்டு தேர்தல் வந்தது. முதலாவதில் நின்றார், கடைசிக்கு முந்தின ஆளாக வந்தார். அதற்குப் பிறகு நிற்கவில்லை.

மேல் டிவிஷனில் பாதிக்கும் குறைவானவர்களின் மனுதான் ஏற்கப்பட்டது. அக்காவுடையது அதில் ஒன்று. அறுபதில் அவர் மெம்பருக்கு வாக்களித்தார். என் மனு, பன்னிரண்டு மாதத்துக்கு மேல் நாட்டில் இல்லாதவர் என்ற காரணத்தால் தள்ளுபடியானது.